தண்ணி வந்துச்சா?

தன் குரலையே அடுத்தவர் போனில் கேட்கிற கொடுமை எல்லாருக்கும் வாய்த்துவிடாது. விண்ணரசிக்கு வாய்த்தது. மன்னார்குடி பந்தலடிக்குப் பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் செல்போன் சர்வீஸ் கடையில், ஒரு போனின் உடைந்த டிஸ்பிளேயைக் கழற்றிக்கொண்டிருந்தாள். போனுக்குச் சொந்தக்காரர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொரு போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து அவள் குரல் வந்தது. “மடையத் தொறங்கடா!” பின்னாலேயே மேளச் சத்தம், துப்பாக்கிச் சத்தம். அப்புறம் சதீஷின் குரல்.

“வணக்கம் மக்களே! நான் உங்க கடைமடை சதீஷ். தண்ணி வந்துச்சா?”

விண்ணரசி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். “அண்ணே, அந்தப் பொம்பளக் குரலு யாருது?”

“அதுவா? கம்ப்யூட்டர்ல செஞ்சதாம். சதீசே லைவ்ல சொன்னாப்ல. நல்லாருக்குல்ல?”

நல்லாத்தான் இருக்கிறது. இருபத்தேழு வருஷமாகத் தொண்டைக்குள் இருக்கிற குரல், நல்லா இல்லாமல் எங்கே போகும்? அந்த டிஸ்பிளேயை மாட்டி முடிக்க வழக்கமாகப் பத்து நிமிஷம் பிடிக்கும். அன்றைக்கு அரை மணி ஆனது.

கதையை முறையாகச் சொன்னால்தான் அவள் கோபம் நியாயமா இல்லையா என்று தெரியும். அது ஒரு போன் விளையாட்டு. நூறு பேர் விமானத்தில் ஏறி ஒரு தீவுக்கு மேலே பறப்பார்கள். பிடித்த இடத்தில் குதித்துக்கொள்ளலாம். குதிக்காமல் சும்மா இருந்தால், விமானம் போகிற பாதையின் கடைசியில் அதுவே பிடித்துக் கீழே தள்ளிவிடும். இறங்கியவர்கள் கிடைக்கிற துப்பாக்கியைப் பொறுக்கி ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் நிற்பவர் ஜெயித்தவர். ஊரடங்கு நாளில் ஊரே இதை ஆடியது. விண்ணரசியும் ஆடினாள்.

ஆனால் அவள் ஆடியதோடு நிற்கவில்லை. ஆடுகிறவர்கள் கூடிப் பேசும் டிஸ்கார்ட் ஆப்பில் ஒரு குழு தொடங்கி அதற்குக் ‘கடைமடை’ என்று பேர் வைத்தாள். முத்துப்பேட்டைக்கு வடக்கே இருக்கும் அவள் ஊர் அசல் கடைமடை. கல்லணையில் திறந்த தண்ணீர் ஆறாய், வாய்க்காலாய்ப் பிரிந்து, வழியில் உள்ளவர்கள் எல்லாம் பாய்ச்சியது போக மிச்சம் இருந்தால் அங்கே வரும். சில வருஷம் வரும். சில வருஷம் வந்ததாகப் பேப்பரில் மட்டும் வரும். செல்போன் சிக்னலும் அப்படித்தான். எல்லா ஊரிலும் ஆட்டம் தொடங்கிய பிறகு அவள் போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் குழுவில் யாருக்காவது நெட் வந்துவிட்டதா என்று கேட்க அவள் ஒரு கேள்வி வைத்திருந்தாள். “தண்ணி வந்துச்சா?”

அந்த ஒரு கேள்வியிலிருந்து மெல்ல மெல்ல ஒரு தனி பாஷையே முளைத்தது. புதிதாகச் சேர்ந்தவர் நாத்து. ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் அவருக்கு நடவு. நடவன்றைக்குத் திருப்பூரிலும் ஷார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற தடிமாடுகள் எல்லாம் மைக்கில் குலவை போடுவார்கள். குழுவில் ஒழுங்கு பார்க்கிறவர் லஸ்கர். ஆற்று ஷட்டரைத் திறந்து மூடுகிறவருக்கு இந்தப் பக்கத்தில் அதுதானே பேர். குழுவின் முழு அதிகாரமும் யாரிடம் இருக்கிறதோ, அவரிடம் ‘சாவி’ இருக்கிறது என்பார்கள். யாரும் யாரிடமும் சாதி, மதம் கேட்கக் கூடாது. கேட்டால் லஸ்கர் ஷட்டரை இறக்கிவிடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு வழக்கம். ஒன்று, தண்ணி வந்துச்சா என்று கேட்டால் ஒருவர் “வரல” என்று சொன்னாலும் போதும், மற்றவர்கள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். எல்லாருக்கும் வந்த பிறகுதான் “மடையத் தொறங்கடா!” என்று அவள் குரல் கொடுப்பாள், ஆட்டம் தொடங்கும். இரண்டாவது, கடைமடைக்குத்தான் முதல் தண்ணி. மற்ற குழுவில் நல்ல துப்பாக்கி கிடைத்தால் கெட்டிக்காரன் கைக்குப் போகும். இங்கே ஆட்டம் தெரியாத நாத்துக்குப் போகும். “நெசத்துலதான் நமக்குக் கடைசி. வெளையாட்டுலயாவது கடைசி ஆளுக்கு மொதல்ல குடுப்போமே” என்று விண்ணரசி ஒருநாள் சொன்னது சட்டமாகிவிட்டது. நாலாயிரம் பேர் அந்தச் சட்டத்துக்கு ஆசைப்பட்டே சேர்ந்தார்கள். தோற்றுக்கொண்டே இருந்தார்கள். சந்தோஷமாக இருந்தார்கள்.

அப்படி வந்த ஒரு நாத்துதான் சதீஷ். திருக்காட்டுப்பள்ளிக்காரன். வீட்டு வாசலில் காவேரி. அணையைத் திறந்தால் முதலில் நனைகிற மண் அவனுடையது. தண்ணி வரல என்ற வார்த்தையை அவன் காதால் கேட்டு வளர்ந்திருக்க மாட்டான். ஆனாலும் “அக்கா, அக்கா” என்று சுற்றி வந்தான். முதல் துப்பாக்கி அவனுக்கு அவள்தான் கொடுத்தாள். குலவையும் அவள்தான் போட்டாள்.

போன தை மாதம் விண்ணரசியின் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் அவள் கூடவே இருக்க வேண்டியதாயிற்று. “நீங்க அம்மாவப் பாருங்கக்கா. நான் காவல் காக்குறேன்” என்றான் சதீஷ். நம்பிச் சாவியைக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது காவல்காரன் வீட்டுக்காரனாகியிருந்தான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். பேருக்கு முன்னால் கடைமடை ஒட்டிக்கொண்டது. பழைய ரெக்கார்டிலிருந்து வெட்டிய அவள் குரல் அவன் வீடியோவுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. மூன்று லட்சம் பேர் அவன் புதிதாகத் தொடங்கிய யூடியூப் சேனலைப் பார்த்தார்கள். சந்தா கட்டியவருக்கு முதல் துப்பாக்கி என்று சட்டம் மாறியது. நாத்துகளின் மைக் அடைக்கப்பட்டது. இது சரியில்லை என்று சொன்ன ஜாஃபர் சாதிக், ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக், முதல் நாளிலிருந்தே குழுவின் லஸ்கர், ஒரே நாளில் லஸ்கர் பதவியை இழந்தார். அறுபது நாள் ஆடாதவர்களைக் கீழே இறக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்து வைத்திருந்தான். அதன்படி குழுவைத் தொடங்கிய விண்ணரசி இப்போது அதில் நாத்து.

இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். சின்னப் பையன், தலைகால் புரியாமல் ஆடுகிறான், ஓய்ந்ததும் கொடுத்துவிடுவான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கம்ப்யூட்டர் குரல் என்று கேட்ட அன்றைக்குத்தான் போன் போட்டாள்.

“தம்பி, சாவியக் குடு.”

“அக்கா! எப்பிடி இருக்கீங்க? அம்மா நல்லாருக்காங்களா?”

“நல்லாருக்காங்க. சாவியக் குடு.”

“இப்ப எப்பிடிக்கா? ஞாயித்துக்கெழம தஞ்சாவூர்ல மண்டபத்துல ஈவன்ட் இருக்கு. நூறு பேரு, லைவ்வு. எனர்ஜி டிரிங்க் கம்பெனிக்காரன் ஸ்பான்சர். நீங்களும் வாங்க, முன்னாடி சேர் போடச் சொல்றேன்.”

“என் குரலக் கம்ப்யூட்டர் குரல்னு சொன்னியாமே?”

“அதில்லக்கா. யாரு யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தானுங்க. பொம்பளன்னு தெரிஞ்சா கமென்ட்ல அசிங்க அசிங்கமா எழுதுவானுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

உங்க நல்லதுக்கு! ஒரு பெண்ணின் பேரை அழித்துவிட்டுச் சொல்வதற்கென்றே செய்த வார்த்தை. இதைச் சொல்கிறவன் வாயில் ஒருநாளும் புழு விழுந்ததாகத் தெரியவில்லை.

“கடைசி ஆளுக்கு மொதல்ல குடுக்கணும்ங்கிற சட்டத்த யாரக் கேட்டுடா எடுத்த?”

“அக்கா, தோக்குறத எவன் பாப்பான்? நல்லா ஆடறவன் மேல வந்தாத்தான் மத்தவனுக்கும் பேரு. தண்ணி மேலேருந்துதான கீழ வரும்?”

“மேல ஒக்காந்து அடச்சுட்டா கீழ எப்பிடிடா வரும்?”

போனை அவன் வைத்துவிட்டான். விண்ணரசி அன்றைக்குச் சாயங்காலமே நூறு பேரில் ஒருத்தியாகப் பேர் கொடுத்தாள். நாத்து வரிசையில் இடம் கிடைத்தது. மேடை ஏறி, மைக்கைப் பிடுங்கி, நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதியும் வைத்தாள். இரண்டு பக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கிளம்பும்போது அப்பா சவரிராஜ் வாய்க்கால் தலைப்பில் நின்றுகொண்டிருந்தார். பத்து மா நிலத்தில் நேரடி விதைப்பு. முளைத்தது விரல் நீளத்துக்கு நின்று தண்ணியில்லாமல் மஞ்சளாய்ப் பழுக்க ஆரம்பித்திருந்தது. வாய்க்காலில் ஆடு படுத்திருந்தது.

“போன வருசம் கதிரு வர்ற நேரத்துல காஞ்சு அம்புட்டும் சாவி. தூத்துனா காத்தோட போவுது, ஒரு மணி நிக்கல. இந்த வருசம் கதிரு வரைக்கும்கூடப் போவாது போலருக்கு” என்றார். அப்புறம்தான் அவள் உடுப்பைக் கவனித்தார். “பூசைக்கு வரலயா விண்ணு?”

“தஞ்சாவூருக்குப் போறேன்ப்பா. என் பொருள் ஒண்ணு ஒருத்தன்ட்ட மாட்டிக்கிட்டிருக்கு.”

“சண்டையா?”

“சண்டதான்.”

“போ. போயி மனு கினு குடுத்துடாத. நான் குடுத்துக் குடுத்து என்னத்தக் கண்டேன்” என்று சொல்லிவிட்டு ஆட்டை விரட்டப் போனார்.

கல்யாண மண்டபத்து வாசலில் மணமக்கள் பேர் இருக்க வேண்டிய இடத்தில் சதீஷின் படம் இருந்தது, கையில் துப்பாக்கி, பின்னால் நெற்கதிர். உள்ளே அறுபது பேர் போனும் கையுமாக இருந்தார்கள். மீதி நாற்பது பேர் ஊர் ஊராக ஆன்லைனில். பாதிப் பேர் சட்டையில் ‘தண்ணி வந்துச்சா?’ என்று அச்சடித்திருந்தது. வீடியோ காலில் பார்த்துப் பழகிய பழைய ஆட்கள் பத்திருபது பேரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவளைக் கண்டதும் அவர்கள் ஷூ லேஸைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள். சதீஷின் மேல் இருந்ததைவிட அவர்கள் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. திருடன் திருடினான், அது அவன் புத்தி. கூடவே ஐந்து வருஷம் சிரித்தவர்களுக்கு என்ன கேடு? ‘கம்ப்யூட்டர் இல்லடா, அது எங்க விண்ணு அக்கா’ என்று ஒரு வரி எழுத எத்தனை விரல் தேய்ந்துவிடும்?

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் பர்தா அணிந்த ஒரு பெண், கல்லூரி வயது.

“இங்க ஒக்காரலாமா?”

அந்தப் பெண் விருட்டென்று நிமிர்ந்தாள். “அக்கா... நீங்க விண்ணு அக்காதான?”

“எப்பிடித் தெரியும்?”

“குரலு. நான் ஷமீரா. முத்துப்பேட்ட. உங்க பழைய ரெக்கார்டு எல்லாத்தையும் கேட்டுத்தான் சேந்தேன்.” கொஞ்சம் வெட்கத்தோடு, “கம்ப்யூட்டர்னு சொன்னாங்க, நம்பிட்டேன்” என்றாள்.

“கம்ப்யூட்டருக்கு இப்பிடி வேர்க்குமா பாரு” என்று விண்ணரசி துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தாள். ஷமீரா சிரித்தாள். முன் வரிசையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின.

ஷமீராவின் போன் பழசு. ஓரத்தில் விரிசல் விட்ட போன். அதில் ஆட்டம் திறப்பதற்குள் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “நாலு மாசமா நாத்துதான்க்கா. ஒவ்வொரு தடவையும் இது தொறக்குறதுக்குள்ள ஆரம்பிச்சுடுறாங்க. மைக்கும் அடச்சு வச்சிருக்காங்க, யார்ட்ட சொல்றது?”

மேடையில் விளக்கு எரிந்தது. சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் சதீஷ் வந்து உட்கார்ந்தான். பெரிய திரையில் நூறு பேரின் பேர் ஓடியது. “மடையத் தொறங்கடா!” என்று விண்ணரசியின் குரல் மண்டபம் அதிர ஒலித்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

சதீஷ் மைக்கைத் தூக்கினான். “தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சு!” என்று மண்டபம் கத்தியது.

விண்ணரசி ஷமீராவின் போனைப் பார்த்தாள். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மேடையில் சதீஷ் இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை, தொடக்கப் பொத்தானில் விரலை வைத்துவிட்டான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவன் குரலைத் திருடவில்லை, சாவியைத் திருடவில்லை, அதெல்லாம் சில்லறை. ஒரு கேள்வியைத் திருடி அதைக் கோஷமாக்கிவிட்டான். கேள்வி என்றால் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். கோஷத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு பக்கத் தாள் கைப்பையிலேயே கிடந்தது. அவள் எழுந்து நின்றாள்.

“வரல.”

மைக் இல்லை. தேவையும் இல்லை. ஐந்து வருஷம் நாலாயிரம் பேரை நடத்திய குரல். சற்று முன்னால் ஸ்பீக்கரில் அதிர்ந்த அதே குரல், இப்போது மனுஷ உடம்பிலிருந்து வந்தது. மண்டபம் திரும்பிப் பார்த்தது.

சதீஷ் சமாளித்துச் சிரித்தான். “யாருக்கு வரல? சிம்ம மாத்துங்க மேடம்.”

மேடமாம். நேற்று வரைக்கும் அக்கா.

“கேட்டியே, பதிலயும் கேளு. முத்துப்பேட்டைக்கு வரல. எங்கப்பா வயலுக்கும் வரல. இந்தப் புள்ளைக்கு நாலு மாசமா வரல. ஒரு ஆளு வரலன்னு சொன்னா என்ன செய்யணும்னு இங்க எத்தன பேருக்கு ஞாபகம் இருக்குன்னு பாக்குறேன்.”

யாரும் அசையவில்லை. ஊமைப் பயல்கள், இன்னும் ஷூ லேஸையே பார்க்கிறார்கள் என்று நினைத்தபோது, ஸ்பீக்கரில் கரகரத்த ஒரு குரல் வந்தது. கோஷத்துக்காக ஆன்லைன் ஆட்களில் பழையவர்களின் மைக்கை மட்டும் சதீஷே திறந்துவிட்டிருந்தான்.

“ஷார்ஜாவுக்கும் வரல.” ஜாஃபர் சாதிக்.

இரண்டாவது வரிசையில் வழுக்கைத் தலை ஒருவர், பழைய ஆள், போனைக் கவிழ்த்து மடியில் வைத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் வைத்தார். அப்புறம் வரிசை வரிசையாக. “திருப்பூருக்கு வரல.” “சிங்கப்பூருக்கு வரல.” போன்கள் கவிழ்ந்துகொண்டே போயின. வழக்கம் தெரியாத புதியவர்கள் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு கவிழ்த்தார்கள்.

ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. பெரிய திரையில் விமானம் பறந்தது. சதீஷ் குதித்தான். சந்தா கட்டிய நாலைந்து பேர் குதித்தார்கள். மற்ற யாரும் பொத்தானைத் தொடவில்லை. விமானம் பாதையின் கடைசி வரைக்கும் போய், தொண்ணூற்று சொச்சம் பேரையும் தீவின் ஒரே கோடியில், கடற்கரை ஓரத்தில், மொத்தமாகத் தள்ளிவிட்டது. கையில் துப்பாக்கி இல்லாமல், நடக்காமல், ஓடாமல் அவர்கள் கும்பலாக நின்றார்கள். சொல்லி வைத்தாலும் அப்படி அமையாது. அசல் கடைமடை.

“ஆடுங்கப்பா! லைவ் போயிட்டிருக்கு!” சதீஷ் கத்தினான். நாற்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையின் ஓரத்தில் கமென்ட் ஓடியது. வரல. வரல. வரல. ஸ்பான்சர் கம்பெனிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தார். வேறு வழி தெரியாமல் சதீஷ் குதித்த நாலைந்து பேரைச் சுட்டு முடித்து, ஜீப்பில் ஏறித் தீவின் கோடிக்கு வந்தான். கும்பலின் முன்னால் ஜீப்பை நிறுத்தினான். கொஞ்ச நேரம் நின்றான். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனைக் கவிழ்த்திருக்கலாம். விண்ணரசி அதற்காகக் காத்திருந்தாள் என்பதுதான் நிஜம். என்ன இருந்தாலும் அவள் குலவை போட்டு நட்ட நாத்து.

அவன் சுட ஆரம்பித்தான். எதிர்க்காமல் நிற்கிற தொண்ணூறு பேரைச் சுடுவது லேசான காரியம் இல்லை, நிறைய நேரம் பிடிக்கிறது. குண்டு தீரத் தீர நிரப்பிக்கொண்டான். வர்ணனை செய்ய வந்தவர் சொல்ல ஒன்றுமே இல்லாமல் தண்ணீர் குடித்தார். ‘விண்ணு’ என்று தலைக்கு மேல் பேர் போட்ட உருவம் விழுந்ததை மண்டபம் முழுக்கப் பார்த்தது. பக்கத்தில் நின்ற ஜாஃபர் விழுந்தார். கடைசியாகத்தான் ஷமீராவின் போனில் வட்டம் நின்று ஆட்டம் திறந்தது. திறந்தபோது அவள் ஏற்கெனவே சுடப்பட்டிருந்தாள்.

திரையில் ‘வெற்றி’ என்று மின்னியது. மேடைக்கு இரண்டு பக்கமும் வைத்திருந்த மெஷின்கள் தாமாகவே வெடித்துக் கலர்க் காகிதத்தைத் தூவின. ஒரு கைகூடத் தட்டவில்லை.

சதீஷ் மைக்கை நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கி வந்தான். தலைமுடியில் காகிதம் ஒட்டியிருந்தது. அவள் முன்னால் வந்து போனை நீட்டினான்.

“எல்லாத்தையும் கெடுத்துட்டீங்கல்ல? என்ன வேணும் உங்களுக்கு, சாவிதான? இந்தாங்க. இப்பவே மாத்தித் தர்றேன், எடுத்துக்குங்க.”

இதற்காகத்தான் அவள் காலையில் பஸ் ஏறினாள். இதைக் கேட்கத்தான் இரண்டு பக்கம் எழுதினாள். நீட்டிய போனைப் பார்த்தாள், பிறகு மடியில் கவிழ்ந்து கிடந்த போன்களைப் பார்த்தாள். ஒருவரும் இன்னும் நிமிர்த்தவில்லை.

“வேணாம். நீயே வச்சுக்க.”

“அக்கா...”

“நீயும் வெவசாயி வீட்டுப் புள்ளதானடா? கதிரு இருக்கும், பாக்க நல்லாத்தான் இருக்கும், தண்ணி போகாம உள்ள மணி இருக்காது. தூத்துனா காத்தோட போயிடும். அதுக்கு நம்ம பக்கம் என்ன பேரு?”

சதீஷுக்குத் தெரியும். திருக்காட்டுப்பள்ளியிலும் அதற்கு அதே பேர்தான்.

“சாவி” என்றாள் விண்ணரசி. “பத்திரமா வச்சுக்க.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பின்னால் முதலில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் எல்லா நாற்காலிகளும் நகர்ந்தன.